வெயிலைத் தின்னும் வட்டி: ஆப்பிரிக்காவும் காலநிலைப் பேச்சுகளும்

உலகக் காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் ஆப்பிரிக்காவுக்கு இடமே இல்லை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பாதிதான் உண்மை. 1995இல் பெர்லினில் நடந்த முதல் ஐ.நா. காலநிலை மாநாட்டிலிருந்தே ஆப்பிரிக்க நாடுகள் ஒரே குழுவாகப் பேசி வருகின்றன. இன்று அந்தக் குழுவில் 54 நாடுகள். மராகேஷ், நைரோபி, டர்பன், மறுபடி மராகேஷ், ஷர்ம் எல் ஷேக் என்று ஐந்து மாநாடுகள் அந்தக் கண்டத்திலேயே நடந்திருக்கின்றன. ஆறாவது 2027இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைமையகம் நைரோபியில் இருக்கிறது. சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமைக்கு 2011 முதல் 2019 வரை தலைவராக இருந்த அத்னான் அமீன் ஒரு கென்யர். 2023 செப்டம்பரில் டெல்லியில் கூடிய ஜி20 ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

ஆக, நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிய வாக்கியம் ஒரு கிராமத்துக்கு மின்சாரமாகப் போய்ச் சேரும் வழியில் எங்கெங்கே ஒழுகுகிறது என்பதுதான் கேள்வி. என் கணக்கில் பெரிய ஓட்டைகள் மாநாட்டு அரங்கில் இல்லை. வட்டி விகிதத்திலும் மின் கொள்முதல் ஒப்பந்தத்தின் ஷரத்துகளிலும் இருக்கின்றன. ஆனால் அரங்கில் வாக்கியம் எப்படி உருவாகிறது என்று தெரியாமல் மற்றது புரியாது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆண்டு மாநாடு நவம்பரில் நடந்தாலும் வரைவு வேலை ஜூன் மாதம் ஜெர்மனியின் பான் நகரில் இரண்டு வாரம் நடக்கும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அறைகளில் பேச்சு ஓடும்: நிதி, தகவமைப்பு (மாறும் காலநிலையைச் சமாளிக்கத் தயாராவது), உமிழ்வுக் குறைப்பு, கார்பன் சந்தை, தொழில்நுட்பம், வெளிப்படைத்தன்மை. நாலே பேரை அனுப்பிய நாடு ஆறு முதல் எட்டு அறைகளைக் காலியாக விட்டுத்தான் ஆக வேண்டும். இதற்குத்தான் குழு முறை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அவர் 54 நாடுகளுக்காகவும் பேசுவார். காலையில் ஆப்பிரிக்கக் குழுவின் கூட்டம், பிறகு வளரும் நாடுகளின் பெரிய கூட்டணியான ஜி77 மற்றும் சீனாவின் கூட்டம், அதன் பிறகே பேச்சுவார்த்தை அறை. அதாவது வளர்ந்த நாடுகளிடம் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு கோரிக்கை இரண்டு சல்லடைகளில் சலிக்கப்படுகிறது. ஜி77இல் எண்ணெய் விற்கும் சவுதியும் இருக்கிறது, கடல் விழுங்கும் தீவு நாடுகளும் இருக்கின்றன. அந்தச் சல்லடையில் கூர்மையான சொற்கள் பல உதிர்ந்துவிடும்.

ஒருங்கிணைப்பாளர் ஒரே பொருளில் பல ஆண்டுகள் இருப்பது முக்கியம். எந்தச் சொல் எந்த ஆண்டு எந்த விலை கொடுத்து உள்ளே வந்தது என்பது அவர் தலைக்குள் இருக்கும். இங்கே வழக்கமாகக் கெடுவது சில சில்லறை விஷயங்கள். அமைச்சர் மாறினால் குழுவும் மாறும். விசா கூட்டம் தொடங்கிய பிறகு கைக்கு வரும். மாநாடு வெள்ளிக்கிழமை முடியும் என்று அட்டவணை சொல்லும், ஆனால் முடியாது: டர்பன் மாநாடும் ஷர்ம் எல் ஷேக் மாநாடும் ஞாயிறு காலை வரை இழுத்தன. தேதி மாற்ற முடியாத மலிவு விமானச் சீட்டில் வந்தவர்கள் சனிக்கிழமையே கிளம்பிவிடுவார்கள். கடைசி வரைவு வருவது அதற்குப் பிறகு.

வரைவில் ஒப்புக்கொள்ளப்படாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். வாக்கெடுப்பு கிடையாது, வாக்களிப்பு விதி இன்று வரை ஏற்கப்படவே இல்லை என்பதால் எல்லாமே கருத்தொற்றுமையில்தான். உடன்பாடு வராவிட்டால் நடைமுறை விதி 16 வேலைக்கு வரும்: அந்தப் பொருள் தானாக அடுத்த கூட்டத்தின் நிரலுக்குப் போய்விடும், இதுவரை பேசியதற்குத் தடயம் ஏதும் இல்லாமல். இழுத்தடிப்பதால் யாருக்கு நட்டம்? பணமும் நடவடிக்கையும் கேட்டு வந்தவருக்கு. மறுப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

ஆப்பிரிக்காவின் 'சிறப்புத் தேவைகளும் சூழ்நிலைகளும்' என்ற நிரல் பொருளுக்கு நேர்ந்தது இதுவே. மிகவும் பின்தங்கிய நாடுகள், சிறு தீவு நாடுகள் ஆகிய இரு வகைகளுக்கும் பாரிஸ் ஒப்பந்தத்தில் தனி இடம் உண்டு. கண்டம் முழுவதற்கும் அப்படி ஒரு தகுதி வேண்டும் என்று ஆப்பிரிக்கா ஆண்டுதோறும் கேட்கிறது. தடுப்பது வளர்ந்த நாடுகள் மட்டுமல்ல. லத்தீன் அமெரிக்க நாடுகளும் ஆசிய நாடுகளும் 'அப்படியானால் எங்களுக்கு?' என்று கேட்கின்றன. மாநாட்டுத் தலைமை 'கலந்தாலோசனை நடத்துகிறேன்' என்று சொல்லி முடித்துவைக்கும். மறு ஆண்டு மறுபடி. என்னைக் கேட்டால், இத்தனை ஆண்டுகள் இதற்குச் செலவான ஆற்றலை வேறு இடத்தில் போட்டிருக்கலாம்.

வேறு இடத்தில் போட்டபோது வெற்றி கிடைத்தும் இருக்கிறது. 2009 நவம்பரில் பார்சிலோனா ஆயத்தக் கூட்டத்தில் ஆப்பிரிக்கக் குழு ஒரு நாள் வெளிநடப்புச் செய்தது: வளர்ந்த நாடுகள் எவ்வளவு குறைக்கும் என்ற எண்ணைச் சொல்லாமல் வேறு எதையும் பேச மாட்டோம் என்று. அடுத்த மாதம் கோபன்ஹேகனிலும் பேச்சை நிறுத்தியது. 2013இல் அது முன்வைத்த 'உலகளாவிய தகவமைப்பு இலக்கு' என்ற கருத்து 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவில் ஏறியது. 2022இல் ஷர்ம் எல் ஷேக்கில், காலநிலைப் பேரிடர்களில் அடிபட்ட நாடுகளுக்கு உதவும் இழப்பு மற்றும் சேத நிதி பிறந்தது. அதில் கவனிக்க வேண்டியது நிதியின் பெயர் அல்ல, அது நிரலில் ஏறிய விதம். பாகிஸ்தான் தலைமையிலான ஜி77 முதல் நாளிலேயே அதை முறையான நிரல் பொருளாகச் சேர்க்க வைத்தது. கொடுத்த விலை ஒரு வாக்கியம்: இது சட்டப் பொறுப்பையோ நட்டஈட்டையோ குறிக்காது. நிரலில் ஏறிய பிறகு அதைப் பேசாமல் தள்ளுவது கடினமாகிவிட்டது.

2024இல் அஸர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில் அதே சாமர்த்தியம் எதிர்த் தரப்பிடம் இருந்தது. ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் என்ற எண்ணை ஆப்பிரிக்கக் குழு 2021 முதலே சொல்லி வந்தது. முடிவில் அந்த எண் வந்தது, ஆனால் 'எல்லாத் தரப்பினரும் முயல வேண்டும்' என்ற அழைப்பாக. இலக்கு என்ற பெயரில் நின்றது 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. அதிலும் வளர்ந்த நாடுகள் 'தருவதாக' இல்லை. 'முன்னின்று திரட்டுவதாக', பொதுப்பணம், தனியார் பணம் எல்லாவற்றையும் சேர்த்து. சந்தை வட்டிக்குக் கொடுத்த கடனும் இந்தக் கணக்கில் ஏறலாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றால், அந்தப் பொரியையும் கடனுக்கு விற்கிறார்கள்.

தென்னாப்பிரிக்கா இதைத் தெளிவாகக் காட்டும். 2021இல் கிளாஸ்கோவில் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை நிலக்கரியிலிருந்து மாற 850 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. முதலீட்டுத் திட்டம் வெளிவந்தபோது மானியம் ஏறக்குறைய 4 சதவீதம்தான். மிச்சம் சலுகைக் கடன், வணிகக் கடன், உத்தரவாதம். அந்த நாட்டின் சொந்த மதிப்பீட்டில் ஐந்தாண்டுத் தேவையோ ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி ராண்ட், அதாவது அப்போதைய மதிப்பில் 9,900 கோடி டாலர் அளவு. 2025 மார்ச்சில் அமெரிக்கா விலகிக்கொண்டது.

ம்புமலங்கா மாகாணத்தில் கோமாட்டி அனல் மின் நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டது. ஒரு காலத்தில் 1,000 மெகாவாட். கடைசியில் 121 மெகாவாட் அலகு ஒன்று மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. அதை 150 மெகாவாட் சோலார், 70 மெகாவாட் காற்றாலை, 150 மெகாவாட் பேட்டரி என்று மாற்ற உலக வங்கி 49.7 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் மானியம் 1 கோடி. முதலில் மூடல், பிறகு கட்டுமானம் என்ற வரிசைதான் சிக்கலாகியது. மின் வாரியத்தின் நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்ற முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளி, சமையல்காரர், வாடகைக்கு வீடு விட்டவர், கடை வைத்திருந்தவர் ஆகியோரை எங்கும் மாற்ற முடியாது. சோலாருக்குக் கட்டும்போது ஆள் வேண்டும், ஓடும்போது அவ்வளவு வேண்டாம். மாற்று வேலை எப்போது தொடங்கும் என்ற தேதி கையில் இல்லாமல் மூடும் தேதியை மட்டும் அறிவித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோமாட்டி பாடம். அடுத்த நிலையங்களை மூடுவதைத் தென்னாப்பிரிக்கா தள்ளிப்போட்டதற்கு மின்வெட்டோடு இதுவும் ஒரு காரணம்.

இனி வட்டிக்கு வருவோம். பேனா எடுத்துப் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

ஒரு மெகாவாட் சோலார் நிலையத்துக்கு 10 லட்சம் டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸாம்பியா, நமீபியா போன்ற நல்ல வெயில் இடத்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 18 லட்சம் யூனிட் தரும். ஜெர்மனியில் ஏறக்குறைய 10 லட்சம். போட்ட பணத்தை 20 ஆண்டுகளில் சமமான ஆண்டுத் தவணைகளில் எடுக்க வேண்டும். ஜெர்மனியில் முதலுக்கான செலவு (கடன் வட்டியும் முதலீட்டாளர் எதிர்பார்க்கும் லாபமும் சேர்ந்தது) 5 சதவீதம் என்றால் தவணை ஏறக்குறைய 80,000 டாலர். யூனிட்டுக்கு 8 சென்ட். அதே 5 சதவீதம் ஸாம்பியாவில் கிடைத்தால் நாலரை சென்ட்தான். ஆனால் அங்கே 15 சதவீதம் என்றால் தவணை 1,60,000 டாலராகிவிடும். 18 லட்சம் யூனிட்டால் வகுத்தால் 8.9 சென்ட். வெயில் 80 சதவீதம் கூடுதல். மின்சாரமோ ஜெர்மனியைவிட விலை கூடுதல். பராமரிப்புச் செலவை இரு பக்கமும் சேர்த்தாலும் படம் மாறாது.

எரிபொருள் செலவே இல்லாத தொழில்நுட்பத்தில் கிட்டத்தட்ட முழுச் செலவும் முதல் நாளே வந்துவிடுகிறது. அதனால் வட்டி அதைக் கடுமையாகக் கடிக்கிறது. டீசல் ஜெனரேட்டரில் இயந்திரம் மலிவு, செலவு மாதாமாதம் எண்ணெயாக வரும். வட்டி ஏறினாலும் அது அவ்வளவு பாதிக்காது. பணம் விலை ஏறிய நாட்டில் டீசல் புத்திசாலித்தனமாகத் தெரிவதற்குக் காரணம் இது. ஆப்பிரிக்காவில் தூய எரிசக்தித் திட்டங்களுக்கு முதலின் செலவு வளர்ந்த நாடுகளைவிட இரண்டு மூன்று மடங்கு என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. உலகின் மிகச் சிறந்த சோலார் வளத்தில் 60 சதவீதம் அங்கிருந்தும், நிறுவப்பட்ட சோலார் திறனில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் அங்கே என்று சொல்வதும் அதே முகமைதான்.

அந்த 15 சதவீதத்துக்குள் என்னென்ன இருக்கிறது? அடியில் அமெரிக்க அரசுக் கடன் பத்திர வட்டி. அதன் மேல் நாட்டின் கடன் தர மதிப்பீடு. முதலீட்டுத் தரம் பெற்ற ஆப்பிரிக்க நாடுகளை விரல்விட்டு எண்ணலாம். அதன் மேல் நாணயச் சரிவு பற்றிய பயம். கடைசியாக, மின்சாரத்தை வாங்கப்போகும் அரசு மின் வாரியம் பணம் கட்டுமா என்ற சந்தேகம். கடைசியதுதான் உள்நாட்டில் சரிசெய்யக்கூடியது. செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்று, கம்பியிலும் திருட்டிலும் யூனிட்டை இழந்து, பாக்கியில் ஓடும் வாரியத்திடம் 20 ஆண்டு ஒப்பந்தம் போட எந்த வங்கியும் தயங்கும். உத்தரவாதம் கேட்கும், பல மாதக் கட்டணத்துக்கு வங்கி உறுதிக் கடிதம் கேட்கும், அரசே ஜாமீன் நிற்க வேண்டும் என்று கேட்கும்.

ஜாமீன் நின்ற அரசுக்கு என்ன நடக்கும் என்று கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலையில் பார்க்கலாம். மார்சபிட் கவுண்டியில் 365 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 850 கிலோவாட், மொத்தம் 310 மெகாவாட். பெரிய காற்றாலைகளுக்குப் பதில் சிறியவற்றைத் தேர்ந்தெடுத்தது காரணத்தோடுதான்: மொம்பாசா துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் லாரியில் கொண்டுபோக வேண்டும், அதற்காக 200 கிலோமீட்டருக்கு மேல் சாலையையே சீர்செய்தார்கள். காற்று அபாரம். காற்றாலைகள் 2017 தொடக்கத்தில் தயார்.

மின்பாதை தயாராகவில்லை. லொயங்கலானியிலிருந்து சுஸ்வா துணைமின் நிலையம் வரை 400 கிலோவோல்ட், 428 கிலோமீட்டர். அதைக் கட்டுவது அரசின் பொறுப்பு. நில இழப்பீடு இழுத்தது. கட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நிறுவனம் திவாலானது. சீன ஒப்பந்ததாரர்களிடம் மாற்றிக் கொடுத்து 2018 செப்டம்பரில்தான் மின்சாரம் பாய்ந்தது. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: காற்றாலை தயாராக இருந்து, பாதை இல்லாமல் மின்சாரத்தை எடுக்க முடியாவிட்டால், உற்பத்தி ஆனதாகவே கருதிப் பணம் கட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான கோடி ஷில்லிங் அப்படிப் போனது. பாதி முடிந்த பாதையில் ஒரு யூனிட்கூட ஓடவில்லை, பில் மட்டும் ஓடியது. மின் கட்டணத்தோடு சேர்ந்து மக்கள் தலையில்தான் அது விழுந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலக வங்கி 2012லேயே இந்தத் திட்டத்துக்கான உத்தரவாதத்திலிருந்து விலகிவிட்டது. கிரிட் ஏற்க முடிந்ததைவிட அதிக மின்சாரத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்பது அதன் கவலை. இன்னொரு பக்கம், நிலம். சமூகத்துக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலத்தில் 1,50,000 ஏக்கருக்குப் பட்டா வாங்கிய முறை சட்டப்படி இல்லை என்று மேரு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஒரு திட்டத்தைப் பார்க்கும்போது பாதை யார் பொறுப்பு, அது தாமதமானால் யார் தலையில், நிலத்தை ஒப்படைத்தவர் உண்மையில் உரிமையாளரா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு மெகாவாட் எண்ணைப் பார்ப்பது நல்லது.

நேர் எதிர்ப்பக்க உதாரணமாக எல்லோரும் சொல்வது ஸாம்பியாவின் 2016 சோலார் ஏலம். உலக வங்கிக் குழுமம் நிலத்தைப் பார்த்து, வெயிலையும் மண்ணையும் சோதித்து, ஒப்பந்த வாசகம், கடன், உத்தரவாதம் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஏலத்தில் வைத்தது. ஏலம் கேட்பவருக்கு நிச்சயமின்மை குறைந்தது, யூனிட் 6.02 சென்ட்டுக்கு இறங்கியது, 25 ஆண்டுக்கு. ஆப்பிரிக்காவில் அப்போது அவ்வளவு குறைந்த விலை இல்லை. கண்டம் முழுக்கக் கைதட்டல்.

ஆனால் விலை டாலரில். 2016இல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 10 குவாச்சா (ஸாம்பியாவின் நாணயம்; நூறு ங்வே ஒரு குவாச்சா). 6 சென்ட் என்றால் 60 ங்வே. 2024இல் டாலர் 25 குவாச்சாவைத் தாண்டிவிட்டது. அதே 6 சென்ட் அந்த ஆண்டில் ஒன்றரைக் குவாச்சா. மின் வாரியம் குவாச்சாவில் வசூலித்து டாலரில் கட்டுகிறது. நாணயச் சரிவு முழுவதும் வாங்குபவர் தலையில், விற்றவருக்குச் சேதமில்லை. இதற்கு மருந்து உண்டு: உள்ளூர் நாணயத்தில் கடன் கொடுப்பது, அல்லது நாணய அபாயத்தை ஏற்கும் டிசிஎக்ஸ் போன்ற நிதியத்திடம் காப்பு வாங்குவது. 2007 முதல் அது ஆம்ஸ்டர்டாமில் இயங்குகிறது. காப்புக் கட்டணம் அதிகம் என்பதால் பலரும் டாலரிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டணத்துக்கு மானியம் கொடுப்பது பெரிய அறிவிப்பாகத் தெரியாது, மேடையில் படம் எடுக்கவும் வராது. ஆனால் ஒரு டாலர் மானியம் அதிக வேலை செய்யும் இடம் அதுவே என்பது என் எண்ணம்.

தன் நிதியைத் தானே நிர்வகிக்க ஆப்பிரிக்கா முயலாமல் இல்லை. 2015இல் பாரிஸில் ஆப்பிரிக்கப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முன்முயற்சி தொடங்கியது: 2020க்குள் 10 ஜிகாவாட், 2030க்குள் 300 ஜிகாவாட். பணக்கார நாடுகள் 1,000 கோடி டாலர் வாக்களித்தன. எந்தத் திட்டம் என்று ஆப்பிரிக்கர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்பதுதான் உயிர்நாடி. 2017இல் அதன் தலைவர் யூபா சொகோனா, மாலி நாட்டு விஞ்ஞானி, பதவி விலகினார். ஐரோப்பிய நாடுகள் தாங்கள் ஏற்கெனவே வைத்திருந்த திட்டங்களை உள்ளே தள்ளுகின்றன, பழைய பணத்துக்குப் புதுப் பெயர் என்பது அவருடைய ஆட்சேபம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அதே 300 ஜிகாவாட் 2023 செப்டம்பரில் நைரோபி பிரகடனத்தில் மறுபடி வந்தது. 2022இல் இருந்தது 56 ஜிகாவாட் என்று அந்தப் பிரகடனமே சொல்கிறது.

எண்களைப் பற்றிப் பேசும்போது 'இணைப்பு' என்ற எண்ணையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சஹாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. அதில் 30 கோடிப் பேருக்கு 2030க்குள் தருவதாக உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2024இல் அறிவித்தன. 2025 ஜனவரியில் தார் எஸ் ஸலாமில் 12 நாடுகள் தங்கள் திட்டங்களை வைத்தன. மின்சாரம் கிடைத்தது என்று எப்போது சொல்வது? உலக வங்கியின் படிநிலை அளவுகோலில் முதல் படிக்குக் குறைந்தது 3 வாட் திறன், நாளுக்கு 12 வாட்-மணி, 4 மணி நேரம் போதும். இரண்டு எல்இடி விளக்கு, ஒரு செல்போன் சார்ஜ். இரண்டாம் படி 50 வாட், 200 வாட்-மணி. மின்விசிறியும் சின்ன டிவியும் ஓடும். மூன்றாம் படியில் 200 வாட், ஒரு யூனிட். ஐந்தாம் படி 2 கிலோவாட், 8.2 யூனிட். முதல் படியும் ஐந்தாம் படியும் கணக்கில் ஒரு 'இணைப்பு'தான். தையல் மெஷின் மோட்டாரோ மாவு அரைக்கும் இயந்திரமோ முதல் படியில் ஓடாது. ஒரு நாட்டின் திட்டத்தைப் படிக்கும்போது எத்தனை பேர் என்பதோடு எந்தப் படி என்றும் தேட வேண்டும். பல ஆவணங்களில் அது பின்னிணைப்பில்தான் கிடைக்கும்.

சமையல் அடுப்பில் இதைவிடச் சிக்கல். 90 கோடிக்கும் அதிகமான ஆப்பிரிக்கர்கள் விறகிலும் கரியிலும்தான் சமைக்கிறார்கள். 2024 மே மாதம் பாரிஸில் நடந்த உச்சி மாநாட்டில் 220 கோடி டாலர் வாக்களிக்கப்பட்டது. இதுவரை இந்தத் துறைக்குப் பெருமளவு பணம் கார்பன் கிரெடிட்டிலிருந்து, அதாவது உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றை விற்பதிலிருந்து, வந்திருக்கிறது. அங்கேதான் கணக்கு வீங்குகிறது. ஒரு அடுப்பு எவ்வளவு கார்பனை மிச்சப்படுத்தியது என்பது மூன்று ஊகங்களைப் பொறுத்தது: வீட்டில் அதை உண்மையில் எத்தனை நாள் பயன்படுத்துகிறார்கள், பழைய அடுப்பை ஒதுக்கினார்களா அல்லது இரண்டையும் சேர்த்து எரிக்கிறார்களா, எரித்த விறகில் எவ்வளவு மறுபடி வளராத காட்டிலிருந்து வந்தது. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டி வைத்தால் பெருக்கலில் பல மடங்காகிவிடும். 2024இல் வெளியான கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, அவர்கள் பார்த்த திட்டங்களில் கிரெடிட் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகமாக வழங்கப்பட்டதாகக் கணக்கிட்டது. எரிவாயு அல்லது மின் அடுப்பில் மீட்டர் வைத்து அளந்தால் இந்தத் தகராறு பெரிதும் அடங்கும். மேம்படுத்திய விறகு அடுப்பில் அளக்க மீட்டர் இல்லை.

எரிவாயு என்றதும் வரும் சண்டையையும் சொல்லிவிடலாம். வெளிநாட்டுப் புதைபடிவத் திட்டங்களுக்கு 2022 முடிவோடு அரசுப் பணத்தை நிறுத்துவதாகக் கிளாஸ்கோவில் 30க்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டன. ஆறே மாதத்தில், உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, ஜெர்மானிய சான்சலர் செனகலுக்குப் போய் அவர்களுடைய எரிவாயுவில் ஆர்வம் காட்டினார். இதைச் செனகலின் டாக்கரும் நைஜீரியாவின் அபுஜாவும் இன்னும் மறக்கவில்லை. மறக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எரிவாயு வேண்டும் என்ற வாதத்துக்குள்ளும் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன: உள்நாட்டுச் சமையலுக்கும் மின்சாரத்துக்கும் வேண்டிய வாயு ஒன்று, கப்பலில் ஏற்றி விற்கும் வாயு வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதற்குக் கடன் வாங்குவது பல தலைநகரங்களில் நடக்கிறது.

இதற்கிடையே பேச்சுவார்த்தைகளைக் கேட்டுக்கொண்டிருக்காமல் பேனல்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. 2025 ஜூன் வரையிலான 12 மாதங்களில் சீனாவிலிருந்து ஆப்பிரிக்கா இறக்குமதி செய்த சோலார் பேனல்கள் ஏறக்குறைய 15 ஜிகாவாட் என்று எம்பர் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. முந்தைய ஆண்டைவிட 60 சதவீதம் அதிகம். தென்னாப்பிரிக்காவின் மின்வெட்டும் நைஜீரியாவில் 2023 மே மாதம் பெட்ரோல் மானியம் போனதும் செய்த வேலையை எந்த மாநாடும் செய்யவில்லை. இதிலும் கோளாறு உண்டு. வசதியுள்ளவர் கூரையில் போட்டுக்கொண்டு கிரிட்டை விட்டு விலகினால், வாரியத்துக்கு ஒழுங்காகப் பணம் கட்டும் வாடிக்கையாளர் போய்விடுகிறார். தரச் சோதனைக் கூடம் இல்லாத துறைமுகம் வழியாக மட்டமான இன்வெர்ட்டரும் உள்ளே வருகிறது. பழைய ஈய பேட்டரிகளைக் கொல்லைப்புறத்தில் உருக்குவது தனிக் கதை.

2027இல் மாநாட்டை நடத்தப்போகும் எத்தியோப்பியாவும் இப்படிப் பேச்சுக்குக் காத்திருக்காத வகையைச் சேர்ந்ததே. 2024 தொடக்கத்தில் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியைத் தடை செய்தது. நீல நைல் நதியில் 5,150 மெகாவாட் அணையைப் பெரும்பாலும் உள்நாட்டுப் பணத்தில், மக்களிடம் பத்திரமும் விற்றுக் கட்டி, 2025 செப்டம்பரில் திறந்தது. எகிப்தின் எதிர்ப்பால் சர்வதேசக் கடன் அதற்குக் கிடைக்காது என்று முன்பே தெரிந்திருந்தது. அடிஸ் அபாபா மேஜைக்கு வரும் பழைய பாக்கிகள் பல. 2025இல் பிரேசிலின் பெலெம் மாநாட்டில் தகவமைப்பு நிதியை 2035க்குள் மூன்று மடங்காக்க முயல்வது என்று எழுதினார்கள். எந்த ஆண்டின் தொகையை மூன்றால் பெருக்குவது என்று எழுதவில்லை. தகவமைப்புக்கு 59 குறியீடுகளையும் ஏற்றார்கள், இன்னும் இரண்டு ஆண்டு வேண்டும் என்று ஆப்பிரிக்கக் குழு கேட்டும். தங்கள் செலவில் தரவு திரட்டி, தங்களையே அளந்துகாட்டும் வேலையாக அது முடியும் என்ற அவர்களுடைய பயம் நியாயமானது.

எத்தியோப்பியாவிலிருந்து கென்யாவுக்கு 1,045 கிலோமீட்டர் நீளத்தில் 500 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை ஒன்று 2022 முதல் இயங்குகிறது. 2,000 மெகாவாட் கடத்தக்கூடியது; முதலில் 200 மெகாவாட்டுக்கு 25 ஆண்டு ஒப்பந்தம். வந்து சேரும் இடம் துர்கானா பாதை முடியும் அதே சுஸ்வா. அக்கம்பக்கத்து இரண்டு ஆப்பிரிக்க நாடுகள், தங்கள் ஆற்று நீரில் எடுத்த மின்சாரம். விலை யூனிட்டுக்கு 6.5 சென்ட், அமெரிக்க டாலரில்.